முதலில் யார் ஹலோ சொல்வது

மும்பையில், குர்லா நிலையத்தில் காலை நெரிசலில் கிடைத்த ஜன்னலோர இருக்கையை, போன் வந்தது என்பதற்காக எழுந்து நின்று இழந்தவர் நான் அறிந்து ஒரே ஒருவர்தான். எங்கள் பல்கலைக்கழகப் பதிவாளரின் நேர்முக உதவியாளர், அதாவது பி.ஏ., அவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அப்போது மாட்டுங்காவிலிருந்து வந்து, குர்லாவில் வண்டி மாறி, நெருளில் இறங்குவார். ஹார்பர் லைன் ரயிலின் பெண்கள் பெட்டியில் முதல் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் பிரிப்பது ஒரு கம்பித் தடுப்பு மட்டுமே. அவர் அந்தப் பக்கம் மெத்தை இருக்கையில். நான் இந்தப் பக்கம், யாருடைய டிபன் டப்பாவோ இடுப்பில் இடிக்க, கம்பியைப் பிடித்தபடி. ஒருநாள் திலக் நகர் தாண்டியதும் அவருடைய மொபைல் ஒலித்தது. திரையில் பதிவாளரின் பெயர். மடியிலிருந்த கைப்பையை இருக்கையில் வைத்துவிட்டு விறைப்பாக எழுந்து நின்றார்.

"எஸ் சார். எஸ் சார். டேபிள் மேலயே வச்சிருக்கேன் சார்."

பேசி முடித்துத் திரும்பினால், ஒரு கல்லூரிப் பெண் அவருடைய கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கைப்பையை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். இடத்தைக் கொடுக்கவில்லை. செம்பூர் போயிற்று, கழிமுகப் பாலம் போயிற்று, வாஷி போயிற்று. நெருள் வரை அவர் நின்றுகொண்டேதான் வந்தார்.

நான் கம்பி வழியாகக் கேட்டேன். "மேடம், சார் அவர் வீட்டுல இருக்காரு. நீங்க நிக்கிறீங்களா உக்காந்திருக்கீங்களான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"குரல்ல தெரியும்டி. உக்காந்துண்டு பேசினா குரலும் சேந்து உக்காந்துடும்."

அந்த அழைப்பை அவருடைய மொபைலுக்குள் கொண்டுவந்து விட்டவள் நான்தான். பல்கலைக்கழகத்தின் பழைய தொலைபேசி இணைப்பகம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் படுத்துக்கொள்ளும். பூமிக்கடியில் ஓடும் கம்பிகளில் தண்ணீர் புகுந்து, நூலகத்துக்குப் போட்டால் பெண்கள் விடுதியில் மணி அடிக்கும். அதனால் இன்டர்நெட் வழியாக இயங்கும் போன் சேவைக்கு மாறுவதென்று முடிவானது. கணினிகளுக்குப் போகும் அதே கேபிளில் போனும் போகும். ஒரு சர்வர், மேஜைக்கு மேஜை ஒரு புதுக் கருவி, வெளியே இருக்கும்போது பேச மொபைலில் ஓர் ஆப். துணைவேந்தர் முதல் விடுதி மாணவர் வரை, வளாகத்தில் யாரும் யாரையும் நான்கு எண்களை அழுத்தி நேராகக் கூப்பிடலாம். இதை அமைத்துப் பார்த்துக்கொள்ள, பதினோரு மாத ஒப்பந்தத்தில் என்னை எடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா கட்டிடங்களுக்கு வண்ணம் அடிப்பவர். அம்மா தாராவியில் முறுக்குச் சுற்றிக் கடைகளுக்குக் கொடுப்பவள். அந்த வளாகத்தில் ஒலித்த ஒவ்வொரு போனுக்குப் பின்னாலும் நான் எழுதிய கட்டளைகள் ஓடின. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று மாத வெள்ளோட்டம் முடிந்ததும் 'சேவை திருப்திகரம்' என்று பதிவாளர் கையெழுத்திட வேண்டும். பணியிடத்துக்கு அரசுத் துறையின் ஒப்புதலும் வர வேண்டும். இரண்டும் நடந்தால் நான் நிரந்தரம். இல்லையென்றால் பதினோராவது மாதத்தோடு கும்பிடு. அம்மாவுக்கு இன்டர்நெட் போன் புரியவில்லை. நிரந்தரம் நன்றாகப் புரிந்தது. தினமும் கேட்பாள்: "ஏட்டி, உங்க ஆபீசரு கையெழுத்துப் போட்டாச்சா?"

அந்தக் கையெழுத்துக்குப் போகும் வழியில்தான் மேடத்தின் மேஜை இருந்தது.

முதல் வாரமே எண்களில் சிக்கல் வந்தது. சர்வர் தன் போக்கில் வரிசையாக எண்களை வழங்கியிருந்தது. துணைவேந்தருக்கு 1001, பதிவாளருக்கு 1002. அதுவரை அதற்கு நல்ல புத்தி இருந்தது. 1003 தண்ணீர்ப் பம்ப் அறைக்குப் போய்விட்டது. 1004தான் நிதி அதிகாரிக்கு. இரண்டு நாள் நிதி அதிகாரி யாருடைய போனையும் எடுக்கவில்லை. மேடம் பணிமூப்புப் பட்டியலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"இதுல இருக்கற ஆர்டர்ல நம்பர் போடு."

"நம்பர்ங்கிறது வெறும் விலாசம்தானே மேடம்?"

"விலாசத்துக்கு மரியாதை கிடையாதா? மலபார் ஹில்லும் விலாசம்தான். உங்க தாராவியும் விலாசம்தான்."

எனக்குச் சுருக்கென்றது. "தாராவிக்கும் தபால் ஒழுங்காத்தான் வருது மேடம்."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்தார். "வாய் இருக்கு" என்றார். திட்டினாரா, குறித்துக்கொண்டாரா தெரியவில்லை. பட்டியலை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் எண்களை மாற்றினேன். பம்ப் அறைக்காரரிடமிருந்து 1003ஐத் திரும்ப வாங்க ஒரு வாரம் ஆயிற்று. நிதி அதிகாரி தன் எண்ணுக்காகத் தவிக்கிறார் என்று தெரிந்ததும் அவருக்கும் அதன் அருமை புரிந்துவிட்டது.

அடுத்து வந்தது திரை. புதுக் கருவியில் அழைப்பவரின் பெயர் ஆங்கிலத்தில் பதினாறு எழுத்துக்குள் தெரியும். நான் வெறும் பெயரைப் போட்டிருந்தேன். பட்டம் இல்லாமல் தன் பெயர் சட்டை போடாமல் நிற்பதுபோல இருக்கிறது என்று ஒரு துறைத் தலைவர் எழுத்து மூலமாகவே முறையிட்டார். மேடம் எல்லாருடைய முறையீட்டையும் ஒரே கோப்பில் சேர்த்து, முழுப் பட்டத்தையும் போடும்படி உத்தரவு வாங்கிக் கொடுத்தார். போட்டேன். புரொபசர், டாக்டர் என்ற இரண்டு சொற்களையும் நடுவில் ஓர் இடைவெளியையும் எழுதி முடித்ததும் சரியாகப் பதினாறும் தீர்ந்துவிட்டன. அதன்பின் ஆசிரியர்களில் யார் கூப்பிட்டாலும் திரையில் புரொபசர் டாக்டர் மட்டுமே வந்தார்.

"யார்னு தெரியாம எப்படி மேடம் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"யாரா இருந்தா என்ன? எங்க சாருக்குக் கீழ இருக்கறவான்னு தெரியறதே, அது போறாதா? காத்திண்டிருக்கட்டும்."

காத்திருப்பவர்களுக்கு என்ன இசை கேட்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்தார். இணைப்புக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கு வெறும் 'பீப்' ஒலி. பேராசிரியர்களுக்கு வீணை. துணைவேந்தருக்கு எந்த இசை என்று கேட்டேன். "அவரை ஹோல்ட்ல போடுவாளோ யாராவது?" என்று பதறிப்போனார்.

என்னை அவர் ஒருநாளும் போனில் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார். நான் திருப்பிக் கூப்பிட வேண்டும். வளாகத்துக்குள் பேச்சு இலவசம், மிச்சம் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. காரணத்தை அவரே சொன்னார்: "நான் பண்ணினா உன்னண்ட எனக்குக் காரியம்னு ஆயிடும். நீ பண்ணினா என்னண்ட உனக்குக் காரியம். ஆபீஸ்னா அப்படித்தான் இருக்கணும்." காரியம் என்னவோ எப்போதும் அவருடையதாகவே இருந்தது.

இவையெல்லாம் கிளைகள். வேர் வேறு இடத்தில் இருந்தது. இரண்டு அதிகாரிகள் போனில் பேசவேண்டும் என்றால், முதலில் லைனுக்கு வந்து காத்திருப்பவர் சின்னவர். மற்றவர் காத்திருக்கும் லைனில் வந்து ஹலோ சொல்பவர் பெரியவர். இதுதான் மேடத்தின் வேதம். தன் அதிகாரியை முதலில் லைனுக்கு வரவிடாமல் காப்பதே பி.ஏ.வின் பிறவிப் பயன். நிதி தரும் அரசுத் துறையில் ஓர் அதிகாரி இருந்தார். அவருடைய பி.ஏ. ஒரு மராத்திக்காரர், மேடத்துக்குச் சமமான வித்தைக்காரர். இருவருக்கும் நடக்கும் போரை நான் முதன்முதலில் கேட்டபோது, ஏதோ விருந்தில் ஒருவரை ஒருவர் உபசரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"நமஸ்கார் பாயிசாப். ஆப்கே சாப் கோ லைன் பே தீஜியே."

"நமஸ்கார் மேடம். பெஹ்லே ஆப்கே சாப்."

"அரே, நஹி நஹி. பெஹ்லே ஆப்கே."

"மேடம், மேரே சாப் கா சாய் டண்டா ஹோ ரஹா ஹை."

முதலில் உங்கள் சாப், அதாவது அதிகாரி, லைனுக்கு வரட்டும் என்று இருவரும் மாறி மாறிச் சொல்வார்கள். அவருடைய சாபின் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது என்பது அந்தப் பக்கத்து இறுதி எச்சரிக்கை. மேடம் கண்ணை மூடிக்கொண்டு பதிவாளருக்கு இணைப்பைக் கொடுப்பார். துறை அதிகாரி பதவியில் பெரியவர். வேறு வழியில்லை. பதிவாளர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் அந்தப் பக்கத்து இசையைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் முழுக்க மேடம் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே ஆபரேஷன் நடக்கிறது என்று தோன்றும்.

ஒருநாள் ஒற்றை மணி அடித்தது. திருப்பிக் கூப்பிட்டேன். "மேல வா" என்றார். போனேன்.

"உன் மிஷின்ல எல்லாம் பண்ணலாம்கறியே. ரெண்டு சாரும் ஒரே செகண்ட்ல லைனுக்கு வராப்ல பண்ண முடியுமோ?"

"எதுக்கு மேடம்?"

"முடியுமா முடியாதா, அதைச் சொல்லு."

'முடியாது' என்று யார் முன்னாலும் சொல்ல எனக்குப் பிடிக்காது. இரண்டு நாளில் செய்து கொடுத்தேன். இரண்டு பி.ஏ.க்களும் தத்தம் அதிகாரியை சர்வருக்கு அனுப்ப வேண்டும். சர்வர் இருவரையும் தனித்தனியாக நிறுத்தி வைக்கும். இரண்டு பேருமே ரிசீவரை எடுத்த பிறகுதான் சேர்த்து வைக்கும். சேர்ந்த அந்தக் கணத்தில் இருவர் காதிலும் 'டிங்' என்று ஒரு சின்ன மணி. யாரும் முதல் இல்லை, யாரும் இரண்டாவது இல்லை. மராத்திக்காரரும் சந்தேகப்பட்டு, சோதித்துப் பார்த்து, கடைசியில் ஒப்புக்கொண்டார். மேடம் அன்று தன் டப்பாவிலிருந்து எனக்கு ஒரு தவலை வடை கொடுத்தார். கையில் கொடுக்கவில்லை. டப்பா மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

முதல் அழைப்புக்குரிய விஷயம் எது தெரியுமா? புதிய பணியிடங்களுக்கான ஒப்புதல். என்னுடையதும் அதில் ஒன்று.

நான் கீழே சர்வர் அறையில் திரை முன்னால் இருந்தேன். யாருடைய பேச்சையும் நான் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஒலி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் இரண்டு கோடுகள் காட்டும். பேசினால் கோடு மலையாக எழும்பும். பேசாவிட்டால் படுத்திருக்கும். காலை பதினொன்றரைக்கு இரண்டு பச்சை விளக்குகளும் எரிந்தன. மணி அடித்தது. இணைப்பு சேர்ந்தது.

இரண்டு கோடுகளும் படுத்திருந்தன.

பத்து விநாடி. அரை நிமிடம். கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து அறைப் பேச்சுகளின் கோடுகள் எல்லாம் குதித்துக்கொண்டிருந்தன. இது மட்டும் அசையவில்லை. ஒரு நிமிடம். இரண்டாவது நிமிடத்தில் துறை அதிகாரியின் கோட்டில் ஒரு சின்ன மேடு எழும்பி, உடனே அடங்கியது. மறுபடியும் இரண்டும் படுத்துவிட்டன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சேவை பழுதாகவில்லை. இரண்டு பேரும் லைனில் இருக்கிறார்கள். மணி கேட்டிருக்கிறது. எதிர்ப்பக்கம் ஆள் இருப்பது இருவருக்கும் தெரியும். லைனுக்கு யார் முதலில் வருவது என்ற பிரச்சினையை நான் தீர்த்துவிட்டேன். அதனால் யார் முதலில் ஹலோ சொல்வது என்ற புதுப் பிரச்சினை பிறந்துவிட்டது. இரண்டு பேரும் சொல்லவில்லை.

விடுதி மாணவர்கள் போனில் பேசிக்கொண்டே தூங்கிப்போய், இணைப்பு மணிக்கணக்கில் திறந்தே கிடக்கிறது என்று முன்பு ஒரு குழு கூடியது. ஐந்து நிமிடம் தொடர்ந்து இருபக்கமும் ஒலி இல்லையென்றால் அழைப்பைத் துண்டித்துவிடச் சொல்லி முடிவெடுத்தது. குழுவின் தலைவர் பதிவாளர்தான். அந்தச் சின்ன மேட்டுக்குப் பிறகு சரியாக ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள் என்று முடிவு செய்து, என் சர்வர் லைனைத் துண்டித்தது.

நான் மாடிக்கு ஓடினேன். பதிவாளரின் குரல் கதவைத் தாண்டி வந்தது. "அவன் என் லைனைக் கட் பண்ணிட்டான்!" மேடத்தின் போனில் மராத்திக்காரர் அதையே இந்தியில் கத்திக்கொண்டிருந்தார். அவருடைய சாபின் போனை நாங்கள் துண்டித்துவிட்டோமாம். பதிவாளர் வெளியே வந்தார். என்னைப் பார்க்காமல் மேடத்திடம் சொன்னார்: நாளை காலை பதினொரு மணிக்கு யார் தவறு என்று அறிக்கை வேண்டும். மெஷின் தவறு என்றால் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழைய இணைப்பகத்தையே ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம்.

அன்று மாலை அம்மா என் முகத்தைப் பார்த்ததும் மாவுக் கையோடு எழுந்து வந்தாள்.

"என்னட்டி, மூஞ்சி இப்படித் தொங்குது?"

"ரெண்டு ஆபீசரும் போன்ல பேசிக்கிடலம்மா. பேசினாத்தான் எனக்கு வேலை."

"சண்டையா?"

"சண்டையில்ல. யாரு மொதல்ல பேசன்னு ரெண்டு பேரும் சும்மா இருந்துட்டாங்க."

"எம்புட்டு நேரம்?"

"ஏழு நிமிசம்."

அம்மா நம்பவில்லை. "அம்புட்டுப் படிச்சவுகளுக்கா இந்தக் கூறு? நம்ம குழாயடியில சண்ட போட்டவளுவகூட அடுத்த கொடம் நெறையுமுன்ன பேசிருவாளுவளே!"

மறுநாள் காலை வழக்கமான வண்டிக்கு முந்தைய வண்டியிலேயே போனேன். எனக்கு முன்பே மேடம் வந்திருந்தார். அறிக்கை பாதி எழுதியாகிவிட்டது. மேஜையருகே நின்றபடியே படித்தேன். 'புதிய கருவியில் ஏற்பட்ட கோளாறு காரணமாக' என்று ஆரம்பித்திருந்தது.

"மிஷின் மேல போட்டுட்டா யாருக்கும் மனஸ்தாபம் இல்லை பாரு" என்றார். "மிஷினுக்கென்ன, இன்கிரிமென்ட் நின்னுடப் போறதா?"

"எனக்கு வேலை போயிரும் மேடம்."

"வேற கிடைக்கும். படிச்ச பொண்ணு."

"படிச்ச பொண்ணு செஞ்சதுதான் இது. சரியா வேலை செஞ்சிருக்கு. தப்புன்னு நீங்க எழுதக் கூடாது. பாருங்க."

மடிக்கணினியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"மேல இருக்கிற கோடு நம்ம சார். கீழ இருக்கிறது அவங்க சார். இந்த இடத்துல மணி அடிச்சிருக்கு. ரெண்டு பேருக்கும் கேட்டிருக்கு. அப்புறம் ரெண்டு பேரும் பேசவே இல்ல."

"பேசவே இல்லையா?"

"ஏழு நிமிஷம்."

"எங்க சார் ஹலோகூடச் சொல்லலையா?"

"இல்ல மேடம்."

அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். மகள் பரீட்சையில் முதலாவதாக வந்துவிட்டதைக் கேட்டவர்போல அவர் முகம் மலர்ந்தது.

"பகவானே! ஏழு நிமிஷம்! அவருக்கு எதிர்ல! வாயே தொறக்கலை பாரேன்!" மேல் கோட்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். "ஏக்தம் ஸ்ட்ரெய்ட். அரே, இது என்ன, கீழ்க்கோட்டுல சின்னதா ஒரு மேடு?"

"இருமல்."

"யாரு?"

"அவங்க சார். ரெண்டாவது நிமிஷத்துல."

"இருமினா பேசினாப்லதானே?"

"மெஷினுக்கு எல்லாம் ஒலிதான் மேடம்."

"அப்போ முதல்ல குரல் கொடுத்தது அவர்!" நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவ்வளவு திருப்தியாக அவரை நான் பார்த்ததே இல்லை. "அந்த மேட்டைக் கொஞ்சம் பெரிசு பண்ணு."

பெரிதாக்கினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இதை சாரண்ட காட்டறேன்" என்று எழுந்தார்.

"காட்டி என்ன மேடம்? 'நான் ஏழு நிமிஷம் வேணும்னே பேசாம உக்காந்திருந்தேன்'னு அவர் கையெழுத்துப் போடுவாரா? அந்த சார் போடுவாரா?"

மறுபடியும் உட்கார்ந்தார். அறிக்கையில் தவறு யாருடையதாவது இருந்தே ஆகவேண்டும். இரண்டு அதிகாரிகளையும் எழுத முடியாது. மீதி இருந்தது என் சர்வர். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே கால். நான் அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாதி எழுதிய காகிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"இந்த மிஷினைத் தப்பு சொல்லப்படாது."

"எனக்காகவா மேடம்?"

"உனக்காக எதுக்கு?" என்றார் எரிச்சலோடு. "முப்பது வருஷத்துல நாலு ரெஜிஸ்ட்ராரைப் பாத்துட்டேன். நாலு பேரும் அந்த ஆபீஸ் லைன்ல முதல்ல போய்க் கை கட்டிண்டு நின்னவாதான். இது ஒண்ணுதான் எங்க சாரை ஏழு நிமிஷமாவது சரிசமமா நிறுத்தித்து. இதைக் கோளாறுன்னு எழுதினா என் கை விளங்குமா?"

புதிய காகிதத்தை எடுத்தார். நிறுத்தாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். சேவையில் குறை ஒன்றுமில்லை. தானே தவறுதலாகப் பொத்தானை அழுத்தி இரு அதிகாரிகளையும் ஏழு நிமிடம் ஹோல்டில் வைத்துவிட்டதாகவும், பிறகு பதற்றத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டதாகவும், அதற்காக இருவரிடமும் மன்னிப்புக் கோருவதாகவும்.

தன் அதிகாரியை லைனில் காக்க வைத்தேன் என்று அவர் கையாலேயே எழுதினார். கீழே பெயர், பதவி, கையெழுத்து.

"பொய் மேடம் இது. உங்க மேல பழி போட்டு எனக்கு வேலை வேண்டாம்."

"வேண்டாம்னா ராஜினாமா எழுதிக் கொடு. டைப் பண்ணித் தரேன். அதுக்கு முன்னாடி அந்தக் கோட்டை ஒரு ப்ரின்ட் எடுத்துக் கொடு."

எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்துக் கைப்பையில், சாமி படம் வைத்திருக்கும் அறையில் வைத்துக்கொண்டார். நான் ராஜினாமா எழுதவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹோல்டில் போட்டால் இசை கேட்கும். ஏழு நிமிடமும் ரிசீவரைக் காதில் வைத்திருந்த பதிவாளருக்கு எந்த இசையும் கேட்கவில்லை என்பது தெரியும். துறை அதிகாரிக்கும் தெரியும். அந்தக் கடிதத்தின் ஒரு நகலை இவரும் ஒரு நகலை அவரும் படித்தார்கள். இரண்டு பேரும் உடனே நம்பினார்கள். கீழே இருக்கும் ஒருத்தி முதலில் வாயைத் திறந்துவிட்டதால், மேலே இருந்த இருவருக்கும் பேச வழி கிடைத்தது. வாரக் கடைசிக்குள் பணியிடங்களுக்கு ஒப்புதல் வந்தது. கீழ்நிலை ஊழியர்களை வைத்துக்கொண்டு நாம் படும் பாடு இருக்கிறதே என்று துறை அதிகாரி ஓரத்தில் கைப்பட ஒரு வரியும் எழுதியிருந்தார். பதிவாளர் 'சேவை திருப்திகரம்' என்று கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை மதியம் என் நியமன உத்தரவை வாங்க மேடத்தின் மேஜைக்குப் போனேன். அவர் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். பதிவாளரிடமிருந்து போகும் கடிதம் எதுவானாலும் அவர்தான் தட்டச்சு செய்ய வேண்டும். அதனால் தனக்கான மெமோவையும் அவரே செய்துகொண்டிருந்தார். பதிவாளர் பென்சிலால் எழுதிக் கொடுத்த வாசகம் பக்கத்தில் கிடந்தது. ஒரே வரி: இனிமேல் கவனமாக இருக்கவும்.

திரையில் அது மூன்று பத்தியாகி இருந்தது. 'இந்த அலுவலகத்தின் மாண்புக்கு ஈடுசெய்ய இயலாத களங்கம்' என்றது ஒரு பத்தி. 'மிகக் கடுமையாகக் கண்டிக்கப்படுகிறீர்கள்' என்றது இன்னொன்று.

"மேடம், சார் இப்படி எழுதலையே?"

"ரெஜிஸ்ட்ரார் மெமோடி இது. 'கவனமா இரு'ன்னா ஹவுசிங் சொசைட்டி வாட்ச்மேன் சொல்றாப்ல இருக்கு. நாளைக்கு யாராவது ஃபைலைப் பாத்தா, இந்த சாருக்குத் திட்டக்கூடத் தெரியலைன்னு நினைச்சுக்க மாட்டாளா?"

அச்செடுத்து உள்ளே கொண்டுபோனார். பதிவாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அடுத்த நிமிடமே மேடம் வெளியே வந்துவிட்டார். கையில் இரண்டு காகிதங்கள். ஒன்று அவருடைய மெமோ, மற்றது என் உத்தரவு. அனுப்புகைப் பதிவேட்டைத் திறந்தார். நான் என்னுடையதை எடுக்கக் கை நீட்டினேன்.

"இரு. மெமோவுக்கு முதல்ல நம்பர் போடணும்."

"என்னோடதுதானே மேடம் மேல இருக்கு?"

"நீ இன்னிக்குத்தான் சேர்ந்திருக்கே. நான் சீனியர்."

நம்பர் போட்டார். உறையில் தன் பெயரையும் பதவியையும் எழுதி ஒட்டினார். பெறுநர் கையெழுத்து என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நேரத்தையும் குறித்தார். பிறகு உறையைப் பிரித்து, மூன்று பத்திகளையும் முதல்முறை பார்ப்பவர்போல நிதானமாகப் படித்தார்.

"நன்னா வந்திருக்கு" என்றார்.

அதற்குப் பிறகுதான் என்னுடையதற்கு நம்பர் போட்டார்.